பார்க்காமலே மருந்து கொடுப்பது வைத்தியமா?



கனகராயன்குளம் போய்த் திரும்பிய கையோடு இதை எழுதுகிறேன். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே ஓமந்தை, புளியங்குளம் தாண்டி, மாங்குளத்துக்கு முன்னால் வருகிற ஊர் அது. அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் நம் தோட்டங்களில் பலருக்கும் பழக்கம். 1970களின் பஞ்சத்திலும், 1977 கலவரத்திலும், 1983இலும் லயங்களை விட்டு ஓடிய நம் சனங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். என் சித்தப்பா குடும்பமும் அப்படிப் போனதுதான். போரில் மறுபடியும் இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்து அதே மண்ணில் தறப்பாளுக்குக் கீழே முதலிலிருந்து தொடங்கினார்கள்.

சித்தப்பா மகள் எனக்குத் தங்கச்சி. அவளுடைய பேரனுக்கு 9 மாதம். நாலு மாதத்துக்குள் அவனுக்கு மூன்று தரம் காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை. ஒவ்வொரு தரமும் தூக்கிக்கொண்டு மருந்தெடுக்கப் போனார்கள். ஒவ்வொரு தரமும் பனடோல் சிரப்பும் ஒரு கிருமிக்கொல்லி மருந்தும் கிடைத்தன. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. நாலாவது தரம் பிள்ளை நடுங்கினான், பால் குடிக்கவில்லை. தூரத்திலுள்ள பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கே டொக்டர் முதலில் கேட்டது பிள்ளையின் சலம். சோதித்தால் கிருமித் தொற்று. ஸ்கேன் எடுத்தால் ஒரு சிறுநீரகத்தில் வடு.

"இதுக்கு முந்தி சலம் சோதிக்கவில்லையா?" என்று டொக்டர் கேட்டாராம். "யாரும் கேக்கல ஐயா" என்று என் தங்கச்சி சொன்னாளாம்.

அன்றிரவு படுக்கும்போது அவள் தன்னுடைய கதையையும் சொன்னாள். 11 வருடமாக அவளுக்கு அடி இறங்குகிறது. குனிந்தால், தண்ணீர்க் குடம் தூக்கினால், இருமினால் கர்ப்பப்பை வெளியே தள்ளுகிறது. துணியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் கூலி வேலைக்குப் போகிறாள். புருஷனுக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. "ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். அதே பதில்தான் வந்தது: "யாரும் கேக்கல அக்கா."

ஒரே வீட்டில் பாட்டியும் பேரனும் நோயாளி. இரண்டும் கண்டுபிடிக்கக் கூடிய நோய், வைத்தியம் உள்ள நோய். இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.

இதை வன்னியின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் வருகிறாள். "அடிவயிறு வலிக்குது, ஒண்ணுக்குப் போனா எரியுது" என்கிறாள். "சூடு, தண்ணி குடி" என்ற பதிலோடு நாலு மாத்திரை கிடைக்கிறது. அவளை யாரும் படுக்க வைத்துப் பார்ப்பதில்லை. ஒரு போத்தலில் சலம் பிடித்துக் கொடு என்று கேட்பதில்லை. கேட்டாலும், பிடிக்க ஒரு மறைவிடம் இருப்பதில்லை. மலையில் மொழி குறுக்கே நிற்கிறது, வன்னியில் தூரம் குறுக்கே நிற்கிறது. இரண்டு இடத்திலும் வெட்கம் குறுக்கே நிற்கிறது. அந்த வெட்கத்தை வைத்தே எல்லாரும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். என்ன நோய் என்று பார்க்காமல் மருந்து கொடுப்பது வைத்தியம் ஆகாது. இடுப்புக்குக் கீழே வரும் நோயைச் சோதித்து அறிவதும், சம்பளம் போலவே, தொழிலாளியின் உரிமை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது தொழிற்சங்கத்தின் வேலை.

"சூடு" என்று ஒரு நோய் இல்லை

சலம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சலப்பையில் கிருமித் தொற்றாக இருக்கலாம். கல்லாக இருக்கலாம். பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நீரிழிவு இருப்பது தெரியாமல் அடிக்கடி தொற்று வரலாம். மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடத்துத் தோல் மெலிந்து எரியலாம். ஐந்துக்கும் ஐந்து வைத்தியம். ஒரே மாத்திரை ஐந்துக்கும் எப்படிச் சரியாகும்?

வெள்ளைபடுவதும் அப்படித்தான். சிலருக்கு அது இயல்பு, மருந்தே வேண்டாம். தயிர் போலக் கட்டியாகி அரித்தால் ஒரு நோய். மீன் வாடை அடித்தால் இன்னொரு நோய். இரத்தம் கலந்து வந்தால், புருஷனோடு சேர்ந்த பிறகு இரத்தம் பட்டால், மாதவிடாய் நின்று வருடக்கணக்கான பிறகு மறுபடியும் இரத்தம் வந்தால், கர்ப்பப்பைக் கழுத்தில் அல்லது கர்ப்பப்பையில் புற்றுநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்தாக வேண்டும். இதையும் "சூடு" என்று அனுப்பினால் அந்தப் பெண்ணைச் சாவுக்கு அனுப்புவதாகும்.

"நோய் இருந்தால் பெண்கள் தாங்களே வந்து சொல்வார்களே" என்று கேட்பவர்களுக்கு, இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டம் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே டொக்டர் ராணி பங்கும் அவருடைய கணவர் டொக்டர் அபய் பங்கும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைச் சோதித்தார்கள். நோயாளிகளாக வந்தவர்களை மட்டுமல்ல, ஊரிலிருந்த சாதாரணப் பெண்களையே சோதித்தார்கள். 1989இல் "லான்செட்" மருத்துவ இதழில் முடிவு வெளியானது. 100க்கு 92 பெண்களுக்கு ஏதாவது ஒரு பெண்நோய் இருந்தது. சராசரியாக ஒருத்திக்கு மூன்றுக்கு மேற்பட்ட நோய்கள். அதற்கு முன்னால் இதற்காக ஒரு தரமாவது சோதிக்கப்பட்டிருந்தவர்கள் 100க்கு 8 பேர்தான். முறைப்பாடு எதுவும் சொல்லாத பெண்களிடமும் நோய் இருந்தது.

அந்தப் பெண்கள் யார்? நம்மைப் போல வயலிலும் காட்டிலும் உழைத்தவர்கள். அவர்கள் பேசாமல் இருந்ததை வைத்து அவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. நம்மைப் பற்றியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாயில்லாப் பிள்ளைக்கு யார் பேசுவது?

பெரியவள் வெட்கத்தால் சொல்வதில்லை. கைக்குழந்தைக்குச் சொல்லவே தெரியாது. சலத்தில் தொற்று வந்த பெரியவர் எரிகிறது என்பார். குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும்தான் வரும். சில குழந்தைகள் பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், சிணுங்கும், எடை ஏறாது. காய்ச்சலோடு வருகிற கைக்குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 7 பேருக்குக் காரணம் சலத் தொற்று என்று பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். சோதித்தாலொழிய அந்த 7 பேர் யாரென்று யாராலும் சொல்ல முடியாது.

கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன? சில பிள்ளைகளுக்குச் சலப்பையிலிருந்து சலம் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகிற குறை பிறவியிலேயே இருக்கும். கிருமியும் அதோடு மேலே போகும். ஒவ்வொரு காய்ச்சலும் சிறுநீரகத்தில் ஒரு வடுவை விட்டுப் போகலாம். வடு விழுந்த இடம் மறுபடி வேலை செய்யாது. அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் வரலாம். வவுனியாவைப் போன்ற வரண்ட பிரதேசத்தில், காரணம் இன்னும் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கெனவே விவசாயிகளை வாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மண்ணில் ஒரு பிள்ளை பழுதுபட்ட சிறுநீரகத்தோடு வாழ்க்கையைத் தொடங்குவதா?

சோதனை பெரிய வித்தையல்ல. குழந்தையின் அந்த இடத்தைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, சலம் பெய்யும்போது நடுச்சலத்தைச் சுத்தமான போத்தலில் நேரே பிடிக்க வேண்டும். கிருமிக்கொல்லி மருந்து தொடங்குவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். குழந்தை பெய்யவில்லையே என்று மிஸிமார் அலுத்துக்கொள்வார்கள். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் இதற்கு ஒரு வழி பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் குழந்தையின் அடிவயிற்றில் மெதுவாக வட்டமாகத் தேய்த்தார்கள். அப்படித் தேய்த்த குழந்தைகளில் 100க்கு 31 பேர் 5 நிமிடத்துக்குள் சலம் பெய்தார்கள். தேய்க்காத குழந்தைகளில் 12 பேர்தான். ஈரத்துணிக்கு எத்தனை கோடி ரூபாய் வேண்டும்?

பிடித்த சலத்தை ஒரு மணி நேரத்துக்குள் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரூட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் கிருமி பெருகிப் பொய் முடிவு வரும். கனகராயன்குளத்தில் பிடித்த போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் காத்து நின்று வவுனியா போய்ச் சேர்ந்தால் அது சோதனைக்கு உதவாது. ஆகவே நாம் கேட்பது ஒரு சிறிய குளிரூட்டியும், ஐஸ் வைத்த பெட்டியும், நிறம் மாறும் சோதனைக் கீற்றுகளும்தான். கீற்று சில நிமிடத்தில் ஒரு முதல் தகவல் தரும். கைக்குழந்தைகளில் அது சில தொற்றுகளைத் தவறவிடும் என்பதால் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். அந்த முடிவு வர இரண்டு நாள் பிடிக்கும். அதற்காக வைத்தியம் காத்திருக்க வேண்டியதில்லை. போத்தல் மட்டும் முதலில் போக வேண்டும்.

தாய்மாரே, பாட்டிமாரே, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது இவற்றையும் கவனியுங்கள்.

ஆண் குழந்தை பீறிட்டுப் பெய்யாமல் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்தால் சலவழியில் அடைப்பு இருக்கலாம், உடனே காட்டுங்கள். சலத்துவாரம் நுனியில் இல்லாமல் கீழே இருந்தால் காட்டுங்கள். 6 மாதமாகியும் விதை ஒன்று பைக்குள் இறங்கவில்லை என்றால் காட்டுங்கள், ஒன்றரை வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்வது நல்லது. முன்தோலைப் பலவந்தமாகப் பின்னுக்கு இழுக்காதீர்கள். குழந்தைப் பருவத்தில் அது ஒட்டியிருப்பது இயல்பு. இழுத்தால்தான் புண்ணாகும்.

பெண் குழந்தை பெய்து முடித்த பிறகும் எந்நேரமும் ஈரமாகவே இருந்தால் காட்டுங்கள். பிறந்த முதல் வாரத்தில் பெண் குழந்தைக்கு வெள்ளை படுவதையும் ஓரிரு சொட்டு இரத்தம் வருவதையும் கண்டு பயப்பட வேண்டாம். தாயிடமிருந்து வந்த சுரப்புகள் குறைவதால் அது வருகிறது. அதற்குப் பிறகு வந்தால் காட்ட வேண்டும். பருவ வயது வந்தும் ஒரு மகள் பெரியவளாகாமல் மாதாமாதம் அடிவயிற்று வலியில் துடித்தால் வழி அடைபட்டிருக்கலாம். அவளை மந்திரிக்கக் கொண்டு போகாதீர்கள், டொக்டரிடம் கொண்டு போங்கள்.

3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்து மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள். அன்றைக்கே, அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

"இலவச வைத்தியம் இருக்கிறதே, போய்ப் பார்க்க வேண்டியதுதானே?" என்பது முதல் சாக்கு. இலவச வைத்தியம் இந்த நாட்டு உழைப்பாளிகளின் பெருமை, அதை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் கிளினிக் இலவசம் என்றாலும் அங்கே போகிற நாள் இலவசமில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் நிற்காவிட்டால் பேர் விழாது. பாதியில் போனால் அரைப்பேர். வன்னியில் கூலி வேலைக்குப் போகிறவளுக்கு அரைப்பேரும் இல்லை. நோயைச் சொல்ல வெட்கம், சொல்லப் போனால் கூலி நட்டம். அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்?

"பெண்கள் சோதனைக்கு வரமாட்டார்கள், வெட்கப்படுவார்கள்" என்பது இரண்டாவது சாக்கு. நம் முன்னோர் பலர் கப்பலேறிய மதுரைச் சீமையில்தான் இதற்குப் பதில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, 30 வயது முதல் 59 வயது வரையான பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனை செய்தார்கள். இயந்திரம் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற தாதிமார், வினாகிரியில் இருக்கும் அதே அமிலத்தை நீர்த்துத் தடவி, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். பெண்கள் வந்தார்கள். சோதனை நடந்த கிராமங்களில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயால் வந்த சாவு, நடக்காத கிராமங்களைவிட 100க்கு 35 குறைந்தது. 2007இல் இதுவும் லான்செட்டில் வெளியானது. கேட்பவர் ஒரு பெண்ணாக, நம் மொழியில், ஒரு திரைக்குப் பின்னால் மரியாதையாகக் கேட்டால் வெட்கம் விலகும். வெட்கத்தை உண்டாக்குவது கதவில்லாத அறைதான்.

"கிளிநொச்சியில் பெண்களுக்கென்று பெரிய நிலையமே திறந்தாகிவிட்டதே" என்பது மூன்றாவது. உண்மைதான். நெதர்லாந்து உதவியோடு கட்டிய பெண்கள் சுகாதாரச் சிறப்பு நிலையம் 2024 மே மாதத்தில் அங்கே திறக்கப்பட்டது. அதை வரவேற்கிறோம். ஆனால் என் தங்கச்சி 11 வருடம் துணி கட்டிக்கொண்டிருந்தது கட்டடம் இல்லாததால் மட்டுமா? அவளை அங்கே அனுப்பி வைக்க ஊரில் ஒருவர் முதலில் கேட்டிருக்க வேண்டும். நோயைச் சந்தேகிக்கிற கண் கிராமத்தில் இல்லாவிட்டால் நகரத்து மாடிக் கட்டடம் வெறும் கட்டடம்தான்.

"கர்ப்பப்பை இறக்கம் பிள்ளை பெற்றவளுக்கு வருவதுதானே" என்பது நாலாவது. இதை நம் வீட்டு மூத்தவர்களே சொல்கிறார்கள். நேபாளத்தில் மலைக்கிராமத்துப் பெண்களுக்கும் இதையே சொன்னார்கள். அங்கே பெண்களுக்காக வழக்குப் போட்டார்கள். 2008இல் நேபாள உயர் நீதிமன்றம், இந்த நோயைக் கவனிக்காமல் விடுவது பெண்களின் உரிமை மீறல் என்று சொல்லி அரசை வைத்தியம் செய்யப் பணித்தது. வைத்தியம் இருக்கிறது. ஆரம்பத்தில் இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி. அடுத்து உள்ளே வைக்கும் வளையம். அதற்கும் மேலே என்றால் சத்திரசிகிச்சை. எது வேண்டும் என்பது சோதித்தால்தான் தெரியும். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு பாரம் தூக்க வைத்துவிட்டு, அதன் விளைவை விதி என்று சொல்லாதீர்கள்.

"இது சுகாதார அமைச்சின் வேலை, தோட்ட நிர்வாகத்துக்கு என்ன சம்பந்தம்?" என்பது ஐந்தாவது. தொழிலாளியின் வைத்தியத் தேவை தோட்டத்தின் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் ஆண்ட 1912இலேயே சட்டம் வந்துவிட்டது. அது கிடக்கட்டும். மலையில் கொழுந்தெடுக்கும் பெண் காலை முதல் மாலை வரை எங்கே ஒதுங்குகிறாள்? கக்கூசு இல்லாத மலையில் அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறாள், சலத்தை அடக்கிக்கொள்கிறாள். அடிக்கடி சலப்பைத் தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. பாதிப் பேர் ஒரு வருடம் தினமும் ஒன்றரை லீட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். அவர்களுக்கு வருடத்தில் சராசரி 1.7 தரம் தொற்று வந்தது. குடிக்காதவர்களுக்கு 3.2 தரம். தண்ணீரும் கக்கூசும் வேலைத்தலத்து நிலைமை. அது நிர்வாகத்தின் பொறுப்புத்தான்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை

எல்லாக் குற்றத்தையும் வெளியே போட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆயிரம் ரூபாய்க்காகப் பல வருடம் கத்தினோம், கத்த வேண்டியதுதான். 2021இல் அதை வர்த்தமானியில் பார்த்தோம். ஆனால் இத்தனை மே தின மேடைகளில் "கர்ப்பப்பை" என்ற சொல் எத்தனை தரம் ஒலித்தது? சந்தாக் கட்டுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர், மேடையில் இருக்கிறவர்களில் எத்தனை பேர்? மாதர் அணி என்று பெயர் வைத்துவிட்டுத் தலைவர் வரும்போது மாலை போட அழைக்கிறோம். கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைத்தால் நாம் வேலைநிறுத்தம் செய்வோம். ஒரு பெண் வருடக்கணக்காக நோயைச் சுமந்தால் அது "வீட்டு விஷயம்" ஆகிவிடுகிறது. தோழர்களே, கூடை சுமக்கிற உடம்பு வேறு, நோய் சுமக்கிற உடம்பு வேறா?

சுகாதார ஊழியர்கள் மேலும் பழி போட நான் எழுதவில்லை. ஒரு குடும்பநல மருத்துவமாதுக்கு எத்தனை ஊர், எத்தனை மேடு பள்ளம் என்று நமக்குத் தெரியும். அவருக்கும் ஆளணியும் வாகனமும் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

இருப்பதையும் நாம் பயன்படுத்துவதில்லை. 1996 முதல் இந்த நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் எந்த நாள் என்று சொல்வார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் போக வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். கழுத்துச் சோதனைக்குச் சில நிமிடம்தான். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் உருவாகப் பெரும்பாலும் 15 முதல் 20 வருடம் எடுக்கிறது. அதற்குள் ஒரு தரம் பார்த்தாலும் பிடித்துவிடலாம். பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் எச்.பி.வி தடுப்பூசி போடுகிறார்கள். அது இந்தப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி. வதந்தியைக் கேட்டு மறுத்துவிடாதீர்கள்.

நாம் கேட்பது

1. காரணம் தெரியாத காய்ச்சலோடு வருகிற 2 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் சலப் பரிசோதனை. போத்தல் முதலில், கிருமிக்கொல்லி பிறகு.

2. ஒவ்வொரு தோட்டத்து டிஸ்பென்சரியிலும், கனகராயன்குளம் போன்ற ஊர்களின் ஒவ்வொரு சிகிச்சை நிலையத்திலும் சோதனைக் கீற்று, சுத்தமான போத்தல், குளிரூட்டி, மாதிரியை அன்றைக்கே கொண்டு போக ஏற்பாடு.

3. பெண்களைச் சோதிக்கக் கதவும் திரையும் வெளிச்சமும் உள்ள ஓர் அறை, தமிழ் பேசும் பெண் ஊழியர் ஒருவர்.

4. சோதனை முடிவு எழுத்தில், தமிழில், நோயாளியின் கையில்.

5. சுகவனிதையர் கிளினிக் நாளுக்கும், பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போகும் நாளுக்கும் முழுப்பேர்.

6. ஒவ்வொரு மலையிலும் பெண்களுக்குக் கக்கூசும் குடிதண்ணீரும்.

இதில் எதுவும் நிலவைப் பிடித்துத் தா என்று கேட்பதல்ல. இவை எல்லாவற்றையும் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு சேர்த்து மேசையில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் தீர்மானம் போடுங்கள். அந்தத் தீர்மானத்தை ஒரு பெண் முன்மொழியட்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே உங்கள் லயத்தில், உங்கள் ஒழுங்கையில், உங்கள் அம்மாவிடமும் அக்காவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு ஏதும் கஷ்டம் இருக்கா?" அவர் முதல் தரம் இல்லை என்பார். மறுபடியும் கேளுங்கள்.

என் தங்கச்சிக்கு இப்போது வளையம் வைத்திருக்கிறார்கள். துணி கட்டுவதை விட்டுவிட்டாள். பேரனுக்கு இன்னும் பல வருடம் கிளினிக் உண்டு. வடு வடுதான், அது திரும்பிப் போகாது. முதல் காய்ச்சலிலேயே ஒரு போத்தல் சலம் பிடித்திருந்தால் அந்த வடுவே விழாமல் போயிருக்கலாம்.

"யாரும் கேக்கல" என்ற பதில் இனி நம் ஒரு வீட்டிலும் கேட்கக் கூடாது. கேட்போம், பார்க்கச் சொல்வோம், சோதிக்காமல் தருகிற மருந்துக்குக் கை நீட்ட மாட்டோம்!